பென்சிற்கரியும் ஈயமும்: கொழும்பு இரசாயனவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், பாடசாலைகளிலும் தனியார் வகுப்புகளிலும், தமிழ்மொழி மூலம் உயர்தர இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



குடிநீரின் ஒரு லீற்றரில் ஈயம் 10 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டற் பெறுமானம். ஆசனிக்குக்கும் அதே 10, கட்மியத்துக்கு 3. மைக்கிரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று மாணவர் மனப்பாடமாகச் சொல்லிவிடுவர். ஆனால் காலி வீதியோரத்து அடுக்குமாடிகளின் மொட்டைமாடியில் நிற்பவை போன்ற 1,000 லீற்றர்த் தாங்கிகள் நூற்றை நிரப்பி, அத்தனைக்கும் சேர்த்து ஒரேயொரு கிராம் ஈயத்தைக் கரைத்துவிட்டால் வரம்பு எட்டப்பட்டுவிடும் என்று சொல்லும்போதுதான் அந்த எண்ணின் சிறுமை அவர்களுக்கு உறைக்கும். அந்த அளவு ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நீரைக் கொதிக்கவைத்தாலும் அது போவதில்லை, நீர் ஆவியாகக் குறையக் குறையச் செறிவு கூடவே செய்யும். இத்தகைய நுண்ணளவுப் பார உலோகங்களை, மேற்பரப்பு இரசாயன முறையில் திருத்தியமைக்கப்பட்ட மின்வாய்களைக் கொண்டு கண்டறியும் முறை, ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கற்பிக்கும் மின்னிரசாயனவியல் அலகிலிருந்து இரண்டு மூன்று எட்டுத் தூரத்திலேயே இருக்கிறது. அதற்கு வேண்டிய தலையாய மூலப்பொருளோ இந்தத் தீவின் மண்ணிலேயே கிடைக்கிறது. அதனை வகுப்பறைக்குள் கொண்டுவருமாறு வேண்டுவதே இம்மடலின் நோக்கம்.

கொழும்பின் குழாய்நீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிக்கப்பட்டோ, லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து குழாய்வழியாகவோ வருகிறது. நிலையத்தைவிட்டுப் புறப்படும் நீர் நன்றாயிருந்தாலும், ஈயம் கடைசி சில மீற்றரில் சேரக்கூடும் என்பது உலகின் பல நகரங்கள் கண்ட அனுபவம். கடைவதற்கு எளிதாயிருக்கவேண்டும் என்பதற்காகப் பித்தளையில் சிறிது ஈயம் கலக்கப்படுவதுண்டு; இரவெல்லாம் பித்தளைக் குழாய்வாயில் தேங்கிநிற்கும் நீர் அந்த ஈயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ளும்; ஆகவே விடியற்காலையில் முதலில் பிடிக்கும் நீரும், ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் பிடிக்கும் நீரும் ஒன்றல்ல. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் கைவிடப்பட்டது. வர்ணப்பூச்சுகளில் ஈயத்துக்கு வரம்பிடும் கட்டளை 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவற்றுக்கு முன் மண்ணிலும் சுவரிலும் படிந்தது அங்கேயே இருக்கும், ஏனெனில் உலோகம் அழிவதில்லை, உக்குவதில்லை, இடம் மாறுவது மட்டுமே செய்கிறது.

இவ்வளவு நுண்ணிய அளவை அளப்பதற்குப் பெரிய ஆய்வுகூடங்கள் அணு உறிஞ்சல் நிறமாலைமானியையோ, நீர்மாதிரியைப் பிளாஸ்மா என்னும் மிக வெப்பமான வாயுவுக்குள் தெளித்து அயன்களைத் திணிவு வாரியாகப் பிரித்தெண்ணும் கருவியையோ நம்பியிருக்கின்றன. அவை நம்பகமானவை, ஆனால் பிந்தியது கோடிக்கணக்கான ரூபா பெறுமதியானது. தூய ஆகன் வாயு, குளிரூட்டிய அறை, பயிற்சிபெற்ற இயக்குநர் என்று அதன் தேவைகள் நீளும். மின்னிரசாயன முறையோ முற்றிலும் வேறான ஒரு தந்திரத்தைக் கையாள்கிறது. நீரில் சிதறிக் கிடக்கும் அயன்களை அங்கேயே தேடாமல், மின்வாயின் மேற்பரப்புக்கு அழைத்து, தாழ்த்தி, உலோகமாகச் சில நிமிடங்கள் படியவிடுகிறது, இது சேமிப்பு. பின்னர் அழுத்தத்தை நேர்ப்பக்கமாக ஏற்ற, படிந்த உலோகம் ஒட்சியேற்றப்பட்டு ஓரிரு கணத்துள் மொத்தமாகக் கழன்று கரைசலுக்குத் திரும்புகிறது, இது செலவு. அந்தக் கணத்தில் பாயும் மின்னோட்டமே அளக்கப்படுகிறது. உரிப்பு அளவீடு என்று இதனைத் தமிழில் சொல்லலாம். உண்டியலில் நாள்தோறும் போட்ட சில்லறையை ஒரே முறையில் கொட்டி எண்ணுவது போன்றது இது. பரடேயின் விதியைக் கொண்டு மாணவரே இதைச் சரிபார்க்கலாம்: ஒரு நானோகிராம் ஈயம், அதாவது 4.8×10⁻¹² மூல், இரண்டு இலத்திரன்களை இழந்து கழலும்போது பாயும் மின்னேற்றம் ஏறத்தாழ 0.93 மைக்கிரோகூலோம், அது ஒரு செக்கனில் பத்திலொரு பங்கு நேரத்துள் வெளிவந்தால் சராசரி மின்னோட்டம் 9 மைக்கிரோஅம்பியரை எட்டும். கண்ணுக்கே தெரியாத ஒரு துகள், மலிவான மின்சுற்று ஒன்று எளிதாக உணரக்கூடிய அடையாளத்தை இப்படித்தான் விட்டுச்செல்கிறது.

இக்கலையின் முதல் மேற்பரப்பு இரசம், அதாவது பாதரசம். பிராகா நகரில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் சொட்டும் இரசத் துளியை மின்வாயாகக் கொண்டு தொடங்கிய ஆய்வு, 1959இல் அவருக்கு நோபெல் பரிசைப் பெற்றுத்தந்தது. ஒவ்வொரு துளியும் புதிய, மாசற்ற முகத்துடன் பிறந்தது; ஈயமும் கட்மியமும் அதனுள் கரைந்து இரசக்கலவையாயின; ஐதரசன் வெளியேறுவதற்கு இரசம் இடம்கொடாததால் மிக மறையான அழுத்தங்களிலும் அளவீடு குழம்பவில்லை. ஆனால் நஞ்சை அளக்க நஞ்சையே கருவியாக்குவதில் உள்ள முரண் நெடுங்காலம் மறைந்திருக்கக்கூடியதன்று. யப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நோயின் பெயரையே தாங்கி 2013இல் உருவான உடன்படிக்கை, 2017இல் நடைமுறைக்கு வந்தபோது இரசத்தின் பயன்பாட்டை உலகெங்கும் சுருக்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், ஜோசப் வாங்கும் அவருடன் பணியாற்றியோரும் காபன் மேற்பரப்பில் பிசுமது உலோகத்தின் மெல்லிய படலம் ஒன்றைப் படியவைத்து, இரசம் செய்த வேலையை ஏறக்குறைய அப்படியே செய்யவைக்கலாம் என்று காட்டியிருந்தனர். பிசுமது, வயிற்று மருந்துகளில் சேர்க்கப்படும் அளவுக்குத் தீங்கு குறைந்த உலோகம். ஈயத்துடனும் கட்மியத்துடனும் எளிதில் உருகும் கலப்புலோகங்களை ஆக்கும் இயல்பே அதை இவ்வேலைக்குத் தகுதியாக்குகிறது.

இரசாயன முறையில் திருத்திய மின்வாய் என்னும் கருத்து இங்கேதான் வருகிறது. வெறும் காபன், வரும் எவரையும் உள்ளே விடும் சத்திரத்துத் திண்ணை. திருத்திய மின்வாய், பெயர் கேட்டுக் கதவு திறக்கும் வீடு. குறித்த அயனை மட்டும் விரும்பிப் பற்றும் பொருளொன்றை மேற்பரப்பில் ஒட்டியோ, படலமாகப் பூசியோ, காபனுடன் சேர்த்துப் பிசைந்தோ அந்தத் தேர்ந்தெடுக்கும் குணம் ஊட்டப்படுகிறது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ், இரசத் துளியைப் போலவே சொட்டும் காபன் மின்வாய் ஒன்றை ஆக்க முயன்று தோற்று, அத்தோல்வியிலிருந்து 1958இல் பென்சிற்கரித் தூளையும் எண்ணெயையும் குழைத்த காபன் பசை மின்வாயைப் பெற்றார். சில ஆண்டுகளுக்குள் அப்பசையில் வேறு சேர்வைகளையும் கலந்துபார்க்கும் வழக்கம் தொடங்கியது. 1986இல் இப்பசையுடன் இருமெதயில்கிளையொட்சைம் கலந்து நிக்கலின் நுண்ணளவு அளக்கப்பட்டது. நிக்கலுக்குச் சிவந்த வீழ்படிவு தரும் அதே சோதனைப்பொருள்தான் அது. சோதனைக்குழாயில் நிறமாகத் தெரிந்த தாக்கம், பசைக்குள் நிக்கலைப் பிடித்துவைக்கும் கையாக மாறிவிட்டது. ஐதரசன் சல்பைட்டைச் செலுத்தினால் ஈயம் ஏன் கரிய வீழ்படிவாகிறது என்று விளக்கும் ஆசிரியர், கந்தகத்தின்மீது இரசத்துக்கும் ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் உள்ள பற்றினைத்தான் விளக்குகிறார். கந்தகம் தாங்கிய மூலக்கூறுகளை மின்வாயில் ஒட்டுவோரும் அதே பற்றினையே நம்புகின்றனர். பண்பறி பகுப்பாய்வைப் பழங்காலத்துப் பாடம் என்று ஒதுக்குவோர் இதைக் கவனிப்பது நன்று: அதன் ஒவ்வொரு சோதனைப்பொருளிலும் ஒரு மின்வாய் ஒளிந்திருக்கிறது.

பென்சிற்கரி பற்றிச் சற்று விரித்துரைப்பது தகும். பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும், மிகத் தூய இவ்வகைக் கரிக்கு இலங்கையே உலகில் பேர்பெற்ற இருப்பிடம். கேகாலை மாவட்டத்துப் போகலையும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவும் அதன் சுரங்கங்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இது கொழும்புத் துறைமுகத்தினூடாகக் கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டது. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றாசிரியராக உலகப் புகழ் பெறுமுன் நிலவியலாளராக விளங்கினார் என்பதும், இலங்கைப் பாறைகளையும் பென்சிற்கரியையும் பற்றிய அவரது கட்டுரை 1900இல் இலண்டன் நிலவியற் கழகத்தின் இதழில் வெளிவந்தது என்பதும், பின்னர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்கு அவர் முதல் பணிப்பாளரானார் என்பதும் நடராசர் பற்றிய அவரது நூலை அறிந்தோரிற் பலரும் அறியாதவை. பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. பழந்தமிழ் வழக்கில் காரீயம் என்றால் ஈயம், வெள்ளீயம் என்றால் தகரம். இலங்கை வழக்கிலோ காரீயம் என்றால் பென்சிற்கரி. எழுதுகோலின் கரியை ஈயமென்று நினைத்த பழைய மயக்கம் ஐரோப்பிய மொழிகளிலும் உண்டு. ஈயமல்லாத அந்தக் காரீயமே இன்று ஈயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. குழப்பம் நேராதிருக்க, இம்மடலில் பென்சிற்கரி என்னும் பாடநூற் சொல்லே ஆளப்படுகிறது.

மின்வாய் செய்யும் வேலை ஒரு பாடவேளைக்குள் முடியக்கூடியது. நுண்ணிய பென்சிற்கரித் தூள் எடையில் ஏழு பங்கும், மருந்துக்கடையில் கிடைக்கும் திரவப் பரபின் மூன்று பங்கும் சிறிய கல்லுரலில் இட்டு, கரி முழுவதும் எண்ணெய் பிடித்து ஈரமண்போல் திரளும்வரை அரைக்கப்படும். திருத்திய மின்வாய் வேண்டுமாயின் கரியில் சிறிது குறைத்து, நூற்றுக்கு ஐந்து பங்களவு பிசுமது ஒட்சைட்டுத் தூள் அதனுடன் சேர்க்கப்படும். ஊசிமருந்துக் குழாயின் நுனியை வெட்டிச் சமப்படுத்தி, அதற்குள் பசையைக் காற்றுக்குமிழ் புகாமல் அடைத்து, பின்புறமாகச் செப்புக் கம்பியைச் செருகினால் மின்தொடுப்பு கிடைத்துவிடும். நுனியில் பிதுங்கும் பசையை வெள்ளைத் தாளின்மீது வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, மங்கிய கருமை மாறி, புதுக் காலணிக்கு மெருகிட்டதுபோன்ற பளபளப்பு எழும். அதுவே மின்வாய் ஆயத்தமாகிவிட்டதற்கு அடையாளம். ஒரு முறை அளந்து மேற்பரப்பு அழுக்கானால், உலக்கையைச் சற்றே அழுத்திப் பழைய பசையைத் தள்ளி, மீண்டும் தாளில் தேய்த்தால் புதிய முகம் பிறக்கும். இரசத் துளிக்கு இருந்த அந்த ஒரு பெருமையையும் பசை இவ்வாறு பங்கிட்டுக்கொள்கிறது. மறையான அழுத்தம் கொடுக்கப்பட்டதும், மேற்பரப்பிலுள்ள பிசுமது ஒட்சைட்டு தாழ்த்தப்பட்டுப் பிசுமது உலோகமாகி, ஈயத்துக்கு இடம் கொடுக்கத் தயாராகிறது.

இதனுடன் அழுத்தத்தை ஒப்பிடுவதற்கு வெள்ளி-வெள்ளிக்குளோரைட்டு மின்வாய் ஒன்றும், மின்னோட்டத்தை முழுமைப்படுத்தத் துணை மின்வாய் ஒன்றும், மூன்றையும் கட்டுப்படுத்தும் அழுத்தநிலைப்படுத்தி என்னும் கருவியும் தேவை. அக்கருவி விலையுயர்ந்தது என்பதே நெடுங்காலத் தடையாக இருந்தது. 2011இல் கலிபோர்னியாவில் வடிவமைத்து வரைபடத்துடன் வெளிப்படையாக வழங்கப்பட்ட கருவியொன்றின் உதிரிப்பாகங்கள் 80 டொலருக்குள் அடங்கின. மின்னணு உதிரிப்பாகங்கள் கொழும்புக் கடைகளில் கிடைக்காதவையல்ல.

அழுத்தங்களின் வரிசையும் மாணவர் அறிந்ததே. நியம மின்வாய் அழுத்தம் நாகத்துக்கு −0.76, கட்மியத்துக்கு −0.40, ஈயத்துக்கு −0.13, செம்புக்கு +0.34 வோல்ற்று என்ற அதே ஒழுங்கில்தான் உலோகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழல்கின்றன; முதலில் நாகம், இறுதியில் செம்பு. ஈயத்தின் முகடு −0.13இல் தோன்றாமல், வெள்ளி-வெள்ளிக்குளோரைட்டு மின்வாய்க்குச் சார்பாக −0.55 வோல்ற்றை ஒட்டியே தோன்றுவதைக் கண்டு மாணவர் திகைப்பர், திகைக்கட்டும். ஒப்பீட்டு மின்வாய் மாறியதால் ஏறத்தாழ 0.20 கழிகிறது, நியம அழுத்தம் ஒரு மூல் செறிவுக்கு உரியது, குடிநீர் வரம்போ 4.8×10⁻⁸ மூல் என்பதால், நேண்ஸ்ட் சமன்பாட்டின்படி மேலும் 0.22 அளவில் கழிகிறது. வினாத்தாளில் அட்டவணையாக மட்டும் இருந்த எண்கள், திரையில் ஒரு முகடு தோன்றும் இடத்தை விளக்கவல்லவை என்பதை இதைக்காட்டிலும் தெளிவாக உணர்த்தும் செய்முறை அந்த அலகில் வேறொன்றில்லை.

தூய நீரில் அழகாக எழும் முகடு, வெள்ளவத்தைக் கால்வாயின் நீரில் அப்படியே எழும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. சவர்க்காரமும் எண்ணெயும் உக்கிய தாவரப் பொருள்களும் மின்வாயின்மேல் ஒட்டி அதன் கண்ணைக் கட்டிவிடும். ஈயத்தில் ஒரு பகுதி அந்தக் கரிமப் பொருள்களின் பிடிக்குள் சிக்கலாகக் கட்டுண்டிருப்பதால், மின்வாய்க்குத் தென்படவே மாட்டாது. செம்பு மிகுந்திருந்தால் பிசுமதின் இடத்துக்கு அது போட்டியிடும். மாதிரியை அமிலத்துடன் செரிக்கவைப்பதும், எதிரயன்களையும் பெரிய மூலக்கூறுகளையும் தடுத்து நேரயன்களை மட்டும் உள்ளே விடும் நஃபியோன் என்னும் பல்பகுதியப் படலத்தை மின்வாய்க்குப் பூசுவதும் இவற்றுக்குக் கண்ட பரிகாரங்கள். கால்வாய் நீரைவிடக் கடல்நீர் எளிது என்பது வியப்பாகத் தோன்றலாம். பிளாஸ்மாக் கருவிக்குத் தொல்லையாகும் உப்பு, இங்கே மின்னைக் கடத்தும் ஊடகமாகித் துணைசெய்கிறது. 2021 மே மாதத்தில் 1,486 கொள்கலன்களுடன், அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலத்துடன், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி எரிந்தபோது, கரையொதுங்கிய பிளாத்திக்கு மணிகளைக் கண்ணால் கண்டு கையால் பொறுக்க முடிந்தது. நீரில் கரைந்தது எதுவாயினும், அதைக் காணக் கருவி தேவைப்பட்டது.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்களுக்கு இன்னொரு வாயிலும் திறந்திருக்கிறது. செட்டியார் தெருவின் நகைப் பட்டறைகளை அடுத்து வளரும் மாணவர்க்கு, பொன்னில் இரசம் பட்டால் பொன் வெளிறிப்போகும் என்பது வீட்டறிவு. இரசத்தை அளக்கப் பொன் மின்வாயைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்தப் பற்றுதலே காரணம். பற்றாசில் கட்மியம் கலந்திருந்தால், 767 பாகை செல்சியசில் கொதிக்கும் அவ்வுலோகம் ஊதுகுழலின் சுடரில் புகையாகி, ஊதுபவரின் நெஞ்சுக்குள்தான் முதலில் போகிறது. அத்தெருவுக்குப் பெயர் தந்த நகரத்தார் சமூகத்தில் வந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாவும் கொடுத்ததனாலேயே, இந்தியாவின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்டது என்பதை, மின்னிரசாயனவியல் எங்கோ தொலைவிலுள்ள கல்வி என்று எண்ணும் மாணவருக்குச் சொல்லிவைக்கலாம்.

எச்சரிக்கை ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பள்ளியில் செய்த மின்வாய் காட்டும் எண் கற்றலுக்குரியது. ஒரு தெருவின் நீரைப் பற்றிய சாட்சியமாக அது கைப்பேசிகளில் உலாவவிடப்படக்கூடாது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில், ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டு, எதை நம்புவது என்று தெரியாமல் மக்கள் ஆண்டுக்கணக்கில் அல்லற்பட்டனர். 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தபோதுதான் அதற்கு ஒரு முடிவு வந்தது. எண்ணைவிட, எண் பெறப்பட்ட முறையே முதன்மையானது என்பதற்கு அதனினும் சிறந்த பாடம் தேவையில்லை. ஆகவே அளவீட்டுக்கு முன் இரண்டு பழக்கங்கள் ஊட்டப்படவேண்டும். உலோகமே சேர்க்காத தூய நீரில் அதே முறையை முழுவதும் செய்து, கருவியும் சோதனைப்பொருளும் தாமாகத் தரும் பொய்முகட்டை அறிவது ஒன்று. மாதிரியை அளந்தபின் அதே மாதிரிக்குள் அறிந்த அளவு உலோகத்தைப் படிப்படியாகச் சேர்த்து, முகடு எவ்வளவு உயர்கிறது என்று பார்த்து, அந்த நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டித் தொடக்கச் செறிவைக் காணும் நியமச் சேர்ப்பு முறை மற்றையது. அழுக்கு நீர் மின்வாயின் உணர்திறனைப் பாதியாக்கியிருந்தாலும், சேர்த்த உலோகமும் அதே பாதியாகவே தெரியும் என்பதால் பிழை பெரிதும் நீங்கிவிடுகிறது.

முதல் ஆண்டில் ஈயத்தையும் கட்மியத்தையும் தொடவே வேண்டாம். செம்பு போதும். குடிநீரில் அதன் வழிகாட்டற் பெறுமானம் லீற்றருக்கு 2 மில்லிகிராம். அதில் பத்திலொரு பங்குச் செறிவுள்ள செப்புச் சல்பேற்றுக் கரைசல் பிள்ளைகளின் கைக்குத் தீங்கில்லாதது, திருத்தாத வெறும் பசை மின்வாய்க்கே நன்றாகத் தென்படுவது. மின்னிரசாயனவியல் அலகு அடுத்த முறை தொடங்கும்போது, கணக்குகளுக்கு முன் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது. வேண்டியவை ஒரு பிடி பென்சிற்கரி, சிறிது பரபின் எண்ணெய், ஓர் ஊசிக்குழாய், ஒரு வெள்ளைத் தாள். கருவி ஒன்றை நான்கு பாடசாலைகள் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம்.